வாழைக்கன்றும் மூன்றாம் கியரும்

கார் முதன்முதலாக வெடித்தது சூரமங்கலம் போகிற வழியில், தண்டவாளத்துக்கு மேலே ஏறி இறங்கும் பாலத்தில். வெடித்தது என்றால் தீப்பிடித்து அல்ல. பின்னால் புகைக்குழாயில் 'பட்' என்று ஒரு சத்தம், சிறிது நேரம் விட்டு 'பட் பட்' என்று இன்னும் இரண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறேன், வண்டி ஏற மாட்டேன் என்கிறது. பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. குழந்தை இருக்கையில் கட்டி வைத்திருந்த மகன், சத்தம் வந்த திசையைத் தேடிக் கழுத்தைத் திருப்பினான். எனக்கு முதலில் தோன்றியது, நான் என்ன தப்பு செய்தேன் என்பதுதான்.

எப்போதும் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான். ஒன்றரை வயதாகியும் மகன் கால் ஊன்றி நிற்காதபோது, வயிற்றில் இருந்த காலத்தில் எந்த மாத்திரையை எந்த நாள் மறந்தேன் என்று உட்கார்ந்து யோசித்தவள் நான். தசை கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவான், ஆனால் இடைவிடாமல் கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் சூரமங்கலத்தில் பயிற்சி. எங்கள் வீடு வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள். பஸ்ஸில் போனால் இரண்டு மாற வேண்டும். முதல் மாதம் அப்படித்தான் போனோம். மகன் வழியெல்லாம் வாந்தி எடுத்து, போய்ச் சேரும்போது துவண்டு தூங்கிவிடுவான். தூங்குகிற பிள்ளையின் காலுக்கு யார் என்ன பயிற்சி கொடுக்க முடியும்?

என் கணவர் போர்வெல் வண்டியோடு ஆந்திராவில் இருக்கிறார். ஊருக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை. நாங்கள் பஸ்ஸில் அலைந்த அந்த மாதம் வந்தபோது எனக்காகவே ஒரு பழைய காரை வாங்கி நிறுத்திவிட்டுப் போனார். சின்ன பெட்ரோல் கார்தான், ஆனால் டர்போ வைத்தது. வெளியேறுகிற புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். அந்தக் காற்றினால்தான் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சின் மாதிரி இழுக்கிறது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கல்யாணத்துக்கு முன் எடுத்துவைத்த லைசென்சைத் தூசு தட்டி, பத்து நாள் தோட்டத்துப் பாதையில் ஓட்டிப் பழகி, பதினோராவது நாள் மகனைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஐந்து மாதம் ஒரு வகுப்புகூடத் தவறவில்லை. மகன் தவழ ஆரம்பித்தான். பிறகு எதையாவது பிடித்து முட்டி போட்டான். அதற்குப் பிறகுதான் அந்த 'பட்'.

மாமாவிடம், அதாவது என் கணவரின் அப்பாவிடம், வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் முப்பது வருடம் சொந்த லாரி ஓட்டியவர். இப்போது கோழிப்பண்ணையும் தென்னையுமாக இருந்தாலும், எந்த வண்டி எந்தச் சத்தத்தோடு ரோட்டில் போனாலும் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அதன் வியாதியைச் சொல்லிவிடுவார். சாவியை வாங்கிக்கொண்டு களத்தில் நின்றபடியே உறுமவிட்டுப் பார்த்தார். வண்டி சமர்த்தாக உறுமியது. பஞ்சாயத்து ரோட்டில் ஒரு சுற்று போய் வந்தார். ஒன்றும் வெடிக்கவில்லை.

"வண்டி பட்டாட்டம் இருக்குது. ஓட்டறவங்க காலுதான் சரியில்ல" என்றார். "கிளட்சு மேல காலை வெச்சுட்டே ஓட்டுனா எந்த வண்டி இழுக்கும்?"

"வெக்கறதில்லீங்க மாமா."

"வெக்கறவங்களுக்குத் தெரியாது, சாமி. அது அவங்களுக்குத் தெரியாமயே போய் உக்காந்துக்கும்."

அடுத்த வாரம் முழுக்க இடது காலைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். ஒரு தடவை காலைப் பார்த்ததில் எருமையைப் பார்க்காமல் போய், நூலிழையில் தப்பித்தது எருமை. வெடிப்பது மட்டும் நிற்கவில்லை. ராசிபுரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். நிற்கவில்லை. சேலத்தில் இன்னொரு ஒர்க்ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, காயில், ஒரு சென்சார், பெட்ரோல் வடிகட்டி மூன்றையும் ஒரே நாளில் மாற்றினார்கள். அப்போதும் நிற்கவில்லை. "சைலன்சர் உள்ளார அடைச்சிருக்கணும்க்கா, இல்லாட்டி டர்போவே போயிருக்கணும்" என்றார் அந்த மெக்கானிக். இரண்டுமே பெரிய வேலை.

அன்றைக்கு மாமா முடிவெடுத்துவிட்டார். பங்காளி ஒருவர் அந்த மாதிரி கார் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு. குறையை மறைத்து விற்கிற ஆள் இல்லை மாமா. என் காதுபடவே போனில் சொன்னார்: "வெடிக்குது தம்பி, பொய் சொல்லல. பொம்பளப்புள்ள ஓட்டிக் கெடுத்த வண்டி. நீ ஒரு மாசம் ஓட்டுனயினா தன்னால சரியாயிரும்." பிறகு என் பக்கம் திரும்பி, "சனிக்கெழமைக்கு மட்டும் வாடக வண்டி பேசிக்கலாம் சாமி. வாரத்துக்கு ஒருக்காப் போனாப் போதாதா?" என்றார்.

போதாது. பயிற்சி கொடுக்கிற பெண்மணியிடம் அதைக் கேட்டபோது அவர் மகனின் பாதத்தைக் கையில் பிடித்தபடியே, "இப்பத்தாங்க இவனுக்குக் கால்னு ஒண்ணு இருக்கறது தெரிய ஆரம்பிச்சிருக்கு. இப்பப் போய் விட்டீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து" என்றார். இதை மாமாவிடம் சொன்னேன். சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டேனோ என்று இப்போதும் சந்தேகம்.

ஞாயிறு வருவதற்குள் செவ்வாய், வியாழன், சனி என்று மூன்று பயணங்கள் இருந்தன.

செவ்வாயன்று திரும்பி வரும்போது மகன் தூங்கிவிட்டான். வழக்கமாக ஓடும் குழந்தைப் பாட்டை நிறுத்தினேன். ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கினேன். ஆட்டையாம்பட்டிக்கு முன்னால் ஒரு நூல் மில்லின் மதில் ரோட்டை ஒட்டி நீளமாகப் போகும். அந்த மதிலை ஒட்டிப் போகும்போது மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். முன்னாலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வருமே, அந்த மாதிரி. காலை எடுத்ததும் பின்னால் 'பட்'. மதில் முடிந்தது, சீறலும் காதில் விழவில்லை. சத்தம் எப்போதும் வண்டியிலேயேதான் இருந்திருக்கிறது. அதை என் காதுக்குத் திருப்பி அனுப்ப ஒரு சுவரும் திறந்த ஜன்னலும்தான் இதுவரை ஒன்றாக அமையவில்லை.

திரும்பிப் போய் அதே மதிலை ஒட்டி மறுபடி ஓட்டினேன். நான்காவது முறை மில் வாட்ச்மேன் வெளியே வந்துவிட்டார்.

"யாரத் தேடறீங்கம்மா?"

"ஒரு சத்தத்தத் தேடறனுங்க" என்றேன். அவர் காரையும் என்னையும் தூங்குகிற பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டார்.

மகன் பிறந்ததிலிருந்து என்னிடம் ஒரு நோட்டு உண்டு. எத்தனை மணிக்குப் பால், எத்தனை முறை வெளிக்குப் போனான், காய்ச்சல் எவ்வளவு என்றெல்லாம் அதில் எழுதியிருப்பேன். மாமியார் அதை 'கோர்ட்டுக் கட்டு' என்பார். அன்று மாலை அதைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் காருக்குக் கோடு போட்டேன். நிறுத்தி வைத்து உறுமினால்: இல்லை. முதல் கியர்: இல்லை. மூன்றாம் கியர், லேசாக மிதித்தால்: இல்லை. மூன்றாம் கியர், ஆழமாக மிதித்தால்: முதலில் சீறல், இழுக்காமை, காலை எடுத்தால் வெடிப்பு. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும்: அதே. மகனின் பழைய துணி நாப்கினைப் புகைக்குழாய்க்குள் விட்டுத் துடைத்தேன். அடுப்புக்கரியாக வந்தது.

நான் எம்.எஸ்ஸி. வேதியியல். கல்யாணத்துக்கு முன் ஒரு வருடம் பள்ளியில் ஆய்வக வகுப்பு எடுத்திருக்கிறேன். பர்னரின் அடியில் காற்று போகும் துளையை மூடினால், நீலமாக எரிந்த சுடர் மஞ்சளாகிப் புகைவிடும். கரி படிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். என் மாணவிகளுக்கு ஒப்பிப்பது போல் சொல்லித்தந்த பாடம். அதே கரி என் கையிலிருந்த நாப்கினில் இருந்தது. ஆனால் எஞ்சினுக்குக் காற்று ஏன் போதவில்லை? காற்று வடிகட்டி புதியது. டர்போ சுற்றுகிறது. அங்கேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை கணவரைக் கூப்பிட்டேன். பின்னால் கம்ப்ரஸர் இரைகிற இரைச்சலில் அவர் கத்தினார்: "வண்டிய வித்துப்போட்டா என்ன இப்ப, பொங்கலுக்கு வந்து வேற பாத்துக்கலாம். இங்க ஏர் ஓஸ் லீக்காகுது, எங்கன்னு தெரியல, சோப்புத்தண்ணி ஊத்திப் பாத்துட்டு இருக்கறோம். அப்பறம் கூப்பிடறேன்!"

வைத்துவிட்டார். நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

வடிகட்டியைத் தாண்டும்போதே காற்றை ஒரு சென்சார் அளந்துவிடுகிறது. அந்த அளவுக்குத்தான் பெட்ரோல் விடுகிறது கம்ப்யூட்டர். ஆனால் அளந்த காற்று எஞ்சினுக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கேயோ கசிந்தால்? பெட்ரோல் மிஞ்சும். எரியாமல் மிஞ்சியது சூடான புகைக்குழாயில் போய் வெடிக்கும். வண்டி இழுக்காது, குழாயில் கரி படியும். சீறல்தான் கசிவு. டர்போ அழுத்தம் கொடுக்கும்போது மட்டும் திறக்கிற கசிவு. அதனால்தான் களத்தில் நிறுத்தி உறுமினபோதும் பஞ்சாயத்து ரோட்டில் மெதுவாகச் சுற்றினபோதும் மாமாவிடம் அது வாயைத் திறக்கவில்லை.

சேலத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "டர்போவிலிருந்து வர்ற ஹோஸ்ல எங்காவது காத்து லீக்காகுமுங்களா?"

"எல்லாம் கையில அமுக்கிப் பாத்தாச்சுக்கா, நல்லாத்தான் இருக்குது." சிரிப்பது கேட்டது. "செல்போன்ல ஏதாச்சும் பாத்தீங்களாக்கா?"

பார்த்தேன்தான். அன்று மதியம் மகன் தூங்கினபோது செல்போனில் தேடித் தேடிப் பார்த்தேன். எஞ்சினை ஓட்டாமலே குழாய்க்குள் காற்றடித்துச் சோதிக்க ஒரு வழி இருந்தது. காற்று நுழைகிற வாயை ஒரு மூடியால் அடைக்க வேண்டும். அந்த மூடியில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, அதன் வழியாகக் கொஞ்சமாகக் காற்றடிக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீர். எங்கள் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய்க்குப் போடுகிற மூடிகள் எத்தனை அளவு வேண்டுமானாலும் கிடக்கும். வியாழக்கிழமை மோட்டார் ரூமில் அளவு பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் மாமா.

"அதையெதுக்குச் சாமி எடுத்துட்டுப் போற?"

"தம்பி வெளையாடறதுக்குங்க மாமா."

அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அன்று இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது உடைந்தால், "அவளே நோண்டிக் கெடுத்துப்போட்டா" என்று ஆகிவிடும். அப்படி ஆனால் அது உண்மையாகவும் இருக்கும். வியாழக்கிழமை வகுப்புக்குப் போய்விட்டு, அந்த மூடியைப் பையிலிருந்து எடுக்காமலே வீடு திரும்பினேன்.

சனிக்கிழமை வேறு வழியில்லை. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் போடும் கடை ஒன்றை ஒரு அம்மா நடத்துகிறார். வகுப்பு முடிந்து வரும் வழியில் அங்கே நிறுத்தினேன். நாற்பது வயது தாண்டியவர், நைட்டி மேல் ஆண்கள் சட்டை போட்டு, லாரி டயரைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டயருக்கு அடிச்சிருக்கறேன், காத்து மெத்தைக்கு அடிச்சிருக்கறேன், கோயில் யானை பொம்மைக்குக்கூட அடிச்சிருக்கறேன். எஞ்சினுக்கு நான் காத்தடிச்சதில்ல கண்ணு" என்றார். "வெடிச்சிருமா?"

"மீட்டர்ல பத்துக்கு மேல போகாட்டி வெடிக்காதுங்க."

"போச்சுன்னா?"

"தெரியலீங்க."

"நல்லாச் சொன்ன போ!" என்று சிரித்தார். மூடியில் ஓட்டை போட்டு, பழைய டியூபிலிருந்து வெட்டி எடுத்த வால்வை அவரே இறுக்கிக் கொடுத்தார். வடிகட்டிப் பெட்டியிலிருந்து குழாயைக் கழற்றி மூடியை மாட்டியது நான். மகனைத் தார்ப்பாயில் உட்கார வைத்தேன். பக்கத்தில் லாரி டயர்கள் அடுக்கியிருந்தன. ஸ்பிரே பாட்டிலில் இருந்தது அவனுடைய ஷாம்பு, கண் எரியாது என்று போட்டிருக்குமே, அது. அதில்தான் நுரை நன்றாக நிற்கும்.

காற்று ஏறியது. மூன்று, ஐந்து, எட்டு. அந்த அம்மா மீட்டரைப் பார்த்தார், நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மேலே இருந்த இணைப்புகளில் எல்லாம் அடித்தேன். ஒரு குமிழிகூட இல்லை. கண்டுபிடித்ததெல்லாம் என் கற்பனை, வாட்ச்மேன் கதவைச் சாத்திக்கொண்டது சரிதான் என்று நினைத்தேன்.

"ஏங் கண்ணு, கீழ எங்கயோ ஊதுது பாரு" என்றார் அவர்.

சாக்கை விரித்து மல்லாந்து, பம்பருக்கு அடியில் தலையை விட்டேன். செல்போன் வெளிச்சத்தில், முன்பக்கக் கம்பிவலைக்குப் பின்னால் ஒரு தடித்த கறுப்பு ஹோஸ் தெரிந்தது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பெட்டிக்குக் கொண்டுபோகிற ஹோஸ். அதன் பின்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் ஒருநாளும் தெரியாத இடத்தில், ஷாம்பு புசுபுசுவென்று பொங்கியது. வெள்ளைப் பூசணிக்காய் அளவுக்கு நுரை. நுரையைக் கையால் வழித்தேன். ரப்பரில் கத்தியால் கீறினாற்போல் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள் பதிந்து கிடந்தது ஒரு கட்டுக்கம்பி. கம்பியில் காய்ந்துபோன வாழைமட்டைச் சிம்பு ஒன்று ஒட்டியிருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. வெளியே அந்த அம்மாவும் கத்தினார். எனக்காகத்தான் என்று நினைத்து எழுந்து தலையைப் பம்பரில் இடித்துக்கொண்டேன்.

"உம்பையன் நின்னான் கண்ணு! டயரப் புடிச்சுட்டு, நுரையப் பாக்கறக்கு எந்திரிச்சு நின்னான்! நாலு எண்ணறவரைக்கும் நின்னான்!"

நான் தலையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான். அவன் முதன்முதலாக நின்றதை நான் பார்க்கவில்லை. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாரோ என்று இன்றும் ஒரு ஓரத்தில் தோன்றும். ஆனால் அவன் உள்ளங்கை இரண்டிலும் டயர்க்கரி இருந்தது.

ஹோஸ் புதிதாக வரும்வரை தாங்குவதற்கு, லாரி டியூபைப் பட்டையாக வெட்டி வெட்டின் மேல் சுற்றி, இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு இறுக்கினார் அந்த அம்மா. கம்பியை நான் வெட்டி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அது யார் கட்டிய கம்பி என்று எனக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் வண்டிக்கு முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டாமல் இருக்க மாட்டார்கள். லாரியின் இரும்புப் பம்பரில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, வாடினதும் கன்றை மட்டும் அரிந்து எடுத்துவிட்டு, அடுத்த வருடத்துக்கு ஆகுமென்று கம்பியை அப்படியே விட்டுவிடுவார்கள். மாமா முப்பது வருடம் அப்படித்தான் செய்திருக்கிறார். இந்தக் காரின் முன்பக்கமோ முழுக்கப் பிளாஸ்டிக். கார் வாங்கிய பிறகு வந்த முதல் பூஜையில், கம்பியை வலைக்குள் விட்டுத் துழாவி, கெட்டியாக ஏதோ ஒன்று கைக்குத் தட்டுப்பட, அதைச் சுற்றிக் கட்டிவிட்டார். அது ஹோஸ். எஞ்சின் அதிர அதிர, கம்பி கொஞ்சம் கொஞ்சமாக ரப்பரை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. கன்றை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "சாயுதுங்க மாமா, இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்று சொன்னதும் நான்தான்.

வீட்டுக்குப் போகவில்லை. வந்த வழியே திருப்பி, சூரமங்கலத்துப் பாலத்துக்கே மறுபடி போனேன். மூன்றாம் கியர். முழு மிதி. வண்டி என் முதுகை சீட்டோடு தள்ளி அழுத்தியது. பாலத்தின் உச்சியில் காலை எடுத்தேன். ஒன்றுமில்லை. காற்று மட்டும். மகன் பின்னால் திரும்பிப் பார்த்து, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தான். இறங்கி, சுற்றிவந்து, இன்னொரு முறை ஏறினேன். ஒருமுறை சரியாக வந்தால் போதும் என்று எண்ணும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்று முறை ஏறினேன். மூன்றாவது முறை ஒரு டவுன் பஸ்ஸை முந்தினேன். என் வாழ்க்கையில் நான் முந்திய முதல் பஸ்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மீதி. மெக்கானிக் கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். கம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு, ரப்பர் பழசாகி வெடித்தது என்று சொல்லலாம். அவர் மனம் நோகாது. ஆனால் அடுத்த ஆயுத பூஜைக்கு மறுபடியும் கம்பி வரும்.

ஞாயிறு காலை பங்காளி வந்துவிட்டார். மாமா சாவிக்குக் கை நீட்டினார்.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் ஏறி உக்காருங்க. நான் ஒருக்கா ஓட்டிக் காட்டறனுங்க."

"நீயா?" என்றார் பங்காளி. "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக கண்ணாலத்துக்கு இருக்குதாத்தா!"

மாமா முன்னால் ஏறினார், பங்காளி பின்னால். எங்கள் ஊர் ஏரிக்கரை ரோடு ஓர் இடத்தில் செங்குத்தாக மேலே ஏறும். லாரிகள் இரண்டாம் கியருக்கு வரும் இடம். நான் மூன்றிலேயே விட்டேன். மிதித்தேன். மாமாவின் கை மேலே இருந்த பிடியைப் பற்றியது. வண்டி கரைமேல் ஏறி நின்றது. காலை எடுத்தேன். மூன்று பேரும் கேட்டோம். ஏரியில் நாரைச் சத்தம் மட்டும் இருந்தது.

"என்ன பண்ணுன?" என்றார் மாமா.

"டர்போவிலிருந்து போற ஹோஸ் கிழிஞ்சிருந்துச்சுங்க. காத்து லீக்கு."

"எதுல கிழிஞ்சுது?"

அந்த ஒரு நொடியில் நான் நாலு பொய் யோசித்தேன் என்பது உண்மை. பிறகு கைப்பையைத் திறந்து கம்பியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "கன்னைப் புடிச்சுட்டு இருந்தது நானுங்க மாமா. இன்னும் இறுக்குங்கன்னு சொன்னதும் நான்தானுங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கம்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு முறுக்கு, முனை உள்பக்கமாக மடிப்பு. லாரிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு முறுக்கு உண்டாம். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

"இது என்ற கை போட்ட முறுக்கு" என்றார்.

பின்னால் இருந்து பங்காளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லாரிக்காரன் காருக்குக் கன்னுக் கட்டுனா இப்படித்தான்! வண்டியக் கட்டுனியா, வண்டியோட கழுத்தக் கட்டுனியாண்ணா? பாவம், அந்தப் புள்ள காலு மேல பழியப் போட்டயே!"

மாமா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "தம்பி, ஊட்டுக்குப் போயி காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பு. வண்டி குடுக்கறதில்ல" என்றார். கொஞ்சம் கழித்து என் பக்கம் பார்க்காமலே, ரோட்டைப் பார்த்தபடி, "மூணாங் கியர்லயே ஏத்திப்போட்ட" என்றார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர் வாயிலிருந்து அது வந்ததை நான் அன்று முழுக்க யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன்.

புதிய ஹோஸ் அடுத்த வாரம் வந்தது. மாட்டிக் கொடுத்த மெக்கானிக், "எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?" என்றார். "செல்போன்லதான்" என்றேன்.

செவ்வாய், வியாழன், சனி மூன்றும் தொடர்ந்தன. வாரத்துக்கு ஒருமுறை பஞ்சர் கடையில் நிறுத்தினோம். பயிற்சி மையத்தின் மெத்தைத் திண்டைத் தொட மாட்டேன் என்றவன், லாரி டயரைப் பிடித்தால் நின்றான். பிறகு டயரைச் சுற்றி நடந்தான். ஆவணியில், டயரை விட்டுவிட்டு, கடப்பாரையை நோக்கி நான்கு அடி நடந்தான். அதை நான் பார்த்தேன். இந்த முறை அவன்மீதிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு மாமா காலையிலேயே இரண்டு கன்றை வெட்டிக் கழுவிக் கொண்டுவந்து காருக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் கன்றுகள், இன்னொரு கையில் ஒரு கட்டு வாழைநார். மகன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே ரோட்டில் ஒரு போர்வெல் வண்டிக்குக் கம்பியால் கன்று கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து மாமா ஒரு சத்தம் போட்டார்.

"டேய், கம்பியில கட்டாத! எங்க கட்டறதுன்னு தெரியாட்டி என்ற மருமகளக் கேட்டுட்டுக் கட்டு!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லு சாமி. இத எங்க கட்டறது?"

நான் குனிந்து வலைக்குள் கையை விட்டு, ஹோஸுக்கு எட்டாத இடமாக ஒன்றைக் காட்டினேன். அவர் நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டார். கன்று லேசாகச் சாய்ந்துதான் நின்றது. இறுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை.

அவர் பூஜைத் தட்டு எடுக்க உள்ளே போனதும், குனிந்து இன்னொரு தரம் பார்த்தேன்.